பூ ஓவியத்துக்கு ஆர்டர் வந்தால் முதலில் நிறத்தைப் பிடியுங்கள்

பரிசாகக் கொடுக்கப் பூ ஓவியம் வேண்டும் என்று யாராவது கேட்டால், கேன்வாஸைத் தொடும் முன்பே அந்தப் பூவின் நிறத்தைக் கலந்து ஒரு வெள்ளை அட்டையில் தடவி வைத்துக்கொள்ளுங்கள். வெளிச்சம் படும் இதழ், நிழலில் இருக்கும் இதழ், காம்பு, ஒவ்வொன்றுக்கும் ஒரு தீற்றல் போதும். ஜன்னல் வெளிச்சத்தில் அட்டையை இதழை ஒட்டிப் பிடித்து ஒப்பிட்டு, எதோடு எதைக் கலந்தீர்கள் என்று பக்கத்திலேயே பென்சிலால் எழுதிவிடுங்கள்.

செம்பருத்தி ஒரே நாளில் சுருங்கிவிடும். ஓவியம் அதற்குள் முடியாது. போட்டோ இருக்கிறதே என்றால், அடர்சிவப்பு இதழை செல்போன் கேமரா பல நேரம் மடிப்பே தெரியாத ஒரே சிவப்புத் திட்டாக்கிவிடும். சங்குப்பூவின் நீலம் போட்டோவில் ஊதாப் பக்கம் சாயும். அதனால் உருவத்துக்கு போட்டோ, நிறத்துக்கு அட்டை. கல்யாண மாலையில் இருந்த ரோஜா மாதிரி நினைவோடு சேர்ந்த பூ என்றால் இதைக் கட்டாயம் செய்யுங்கள். பரிசு பெறுபவர் நிறத்தைத்தான் முதலில் அடையாளம் காண்பார்.

அக்ரிலிக் காய்ந்தால் சற்று அடர்ந்துவிடும், வாட்டர்கலர் வெளிறிவிடும். இவை இரண்டிலும் தீற்றல் காய்ந்த பிறகே ஒப்பிடவேண்டும். ஆயில் பெயின்டுக்கு ஈரத்திலேயே பார்த்துவிடலாம்.

பூ கைக்கு வராமல் பழைய போட்டோ மட்டும் கிடைத்தால் இந்த வழி உதவாது. அப்போது இரண்டு மூன்று சாயல்களைத் தடவிக் காட்டி, ஆர்டர் கொடுத்தவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.