இயங்கியலைப் புரிந்துகொள்வதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இயங்கியல் (dialectics) என்னும் சொல்லைத் தமிழில் பெரும்பாலோர் மார்க்சிய நூல்களின் வழியாகவே முதலில் அறிவதால், அது 19ஆம் நூற்றாண்டில் பிறந்த கோட்பாடு என்று கருதிவிடுகிறார்கள். உண்மையில் அதன் வேர் கி.மு. 5ஆம் நூற்றாண்டுக் கிரேக்கத்தில் இருக்கிறது. கிரேக்கத்தில் அது உரையாடும் கலையைக் குறித்தது. எலியா நகரத்து ஜீனோவே அதைத் தொடங்கிவைத்தவர் என்று அரிஸ்டாட்டில் சொன்னதாகப் பழைய குறிப்பு உண்டு.

உரையாடல் என்றவுடன் அதைப் பட்டிமன்ற வாதமாக எண்ணுவது அடுத்த தவறு. பிளேட்டோவின் 'குடியரசு' நூலில், உண்மை பேசுவதும் வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பதுமே நீதியா என்ற கேள்வி எழுகிறது. நலமாக இருந்தபோது ஆயுதத்தை ஒப்படைத்த நண்பர், சித்தம் கலங்கிய நிலையில் வந்து கேட்டால் கொடுக்கலாமா என்று வினவுகிறார் சாக்ரடீஸ். கொடுக்கக் கூடாது என்பதை எதிரில் இருப்பவரே ஒப்புக்கொள்ள, அந்த வரையறை அங்கேயே உடைகிறது. மறுப்பு வெளியிலிருந்து வரவில்லை, ஏற்றுக்கொண்டவற்றுக்குள்ளிருந்தே எழுந்தது. இயங்கியலின் உயிர்நாடி இதுதான் என்பேன்.

இதைத் தவறவிடுவதால்தான், கருத்து, எதிர்க்கருத்து, இணைவு என்ற மூன்றடுக்குச் சூத்திரத்தை ஜெர்மன் தத்துவவாதி ஹெகலுடையதாகவே பலர் எழுதுகிறார்கள். அச்சொற்களை அவ்வாறு அடுக்கிப் பயன்படுத்தியவர் ஃபிக்டே என்ற ஜெர்மன் தத்துவவாதி. ஹெகலை அவற்றால் விளக்கி, அந்த வழக்கம் பரவக் காரணமானவர் 1837இல் எழுதிய மற்றொரு ஜெர்மன் தத்துவவாதி சாலிபேயஸ். ஹெகலோ, மும்மை என்பது உயிரற்ற வாய்பாடாகச் சுருங்கியதை 1807ஆம் ஆண்டு நூலின் முன்னுரையிலேயே கண்டித்தவர். எந்தத் தன்மையும் சுட்டப்படாத 'இருப்பு' பற்றிச் சிந்தித்தால், அது 'இன்மை'யிலிருந்து வேறுபடுத்த முடியாததாகிவிடுகிறது என்று அவர் காட்டும்போது, முரண் அந்தக் கருத்துக்குள்ளேயே இருக்கிறது. சூத்திரத்தை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள், இரு தரப்புக்கும் நடுவே சமரசம் காண்பதையே இயங்கியல் என்று சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள்.

இயங்கியல் என்ற சொல்லுக்கு ஒருவர் தந்த பொருளை இன்னொருவர் மீது ஏற்றுவதும் கூடாது. அரிஸ்டாட்டிலுக்கு அது பலரும் அல்லது அறிஞரும் ஏற்ற கருத்துகளிலிருந்து தொடங்கும் தருக்கம். 1781இல் எழுதிய ஜெர்மன் தத்துவவாதி காண்டுக்கோ அது மயக்கத்தின், அதாவது உண்மைபோலத் தோன்றும் பொய்த்தோற்றத்தின் தருக்கம். மார்க்ஸ், தமது முறை ஹெகலின் முறைக்கு நேரெதிரானது என்று 'மூலதனம்' நூலுக்கு 1873இல் எழுதிய பின்னுரையில் சொன்னார். அதைக் கொண்டு அவர் ஹெகலை அடியோடு ஒதுக்கினார் என்போர், அந்தப் பெரும் சிந்தனையாளரின் மாணவன் என்று அதே பின்னுரையில் அவர் தம்மைச் சொல்லிக்கொள்வதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.