ஜப்பான்ல அறிவிச்ச கேம் இங்கிலீஷ்ல வருமான்னு கணிக்கிறது எப்படி

நின்டெண்டோ புது கேம் அறிவிக்கிற நின்டெண்டோ டைரக்ட் ஒளிபரப்பு, சோனியோட ஸ்டேட் ஆஃப் ப்ளே, செப்டம்பர்ல டோக்கியோ கேம் ஷோ, டிசம்பர்ல கேம் அவார்ட்ஸ்னு வருஷம் பூரா அறிவிப்பு வந்துட்டேதான் இருக்கு. ஜப்பான்காரங்க பண்ற கதை கேம்னா உயிரா இருக்குற நம்மள மாதிரி ஆளுங்களுக்கு ட்ரெய்லர் ஓடி முடியுறதுக்குள்ளயே ஒரே கேள்விதான், இது இங்கிலீஷ்ல வருமா, வந்தா எப்போ. நான் ஃபால்காம் கம்பெனி பண்ற ட்ரெய்ல்ஸ் சீரிஸ் ஃபேன், அதனால இந்தக் காத்திருப்பு எனக்கு நல்லாவே பழக்கம். இத்தனை வருஷமா பார்த்ததுல ஒண்ணு உறுதியா சொல்வேன், சும்மா ஆசைப்படுறதுக்கும் காரணத்தோட நம்புறதுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கு, எதைப் பார்க்கணும்னு தெரிஞ்சா ஓரளவுக்கு சரியாவே கணிக்கலாம்.

மொதல்ல அந்த அறிவிப்பு எந்த ஒளிபரப்புல வந்துச்சுன்னு பாருங்க. நின்டெண்டோ டைரக்ட் ஒரே நேரத்துல ஜப்பானுக்கு ஒண்ணு, அமெரிக்காவுக்கு ஒண்ணு, ஐரோப்பாவுக்கு ஒண்ணுன்னு தனித்தனியா ஓடும், பாதிக்கு மேல ஒரே மாதிரி இருந்தாலும் சில கேம் ஒரு பக்கம் மட்டும்தான் வரும். 2024 பிப்ரவரி 21 அன்னைக்கு நடந்ததுதான் இதுக்கு சரியான உதாரணம். ஜப்பான் ஒளிபரப்புல மதர் 3ங்கிற பழைய கேம், சந்தா கட்டி விளையாடுற ஸ்விட்ச் ஆன்லைனுக்கு வருதுன்னு சொன்னாங்க, அதே நேரத்துல மேற்கத்திய ஒளிபரப்புல ரேர் கம்பெனியோட பழைய கேம்கள் வந்துச்சு, மதர் 3 பத்தி ஒரு வார்த்தை கூட இல்ல. 2006ல வந்த கேம், இன்னைக்கு வரைக்கும் அதிகாரப்பூர்வமா இங்கிலீஷ்ல கிடையாது, அன்னைக்கு ராத்திரி ரொம்பப் பேருக்கு மனசு விட்டுப்போச்சு. அதனால ஜப்பான் வீடியோவுல ஏதாவது பிடிச்சிருந்தா உடனே அமெரிக்க வீடியோவையும் ஓட்டிப் பாருங்க, ரெண்டுலயும் இருந்தா பாதி கவலை தீர்ந்துச்சு.

அடுத்து அவங்க சொல்ற வார்த்தைய கவனிக்கணும். 2021 மே 27ல டிராகன் குவெஸ்ட் 35ஆவது ஆண்டு விழா ஒளிபரப்பு நடந்துச்சே, அதுல டிராகன் குவெஸ்ட் 12க்கும் மூணாவது பாகத்தோட ஹெச்டி 2டி (பழைய பிக்சல் ஸ்டைல்ல புதுசா செஞ்ச) ரீமேக்குக்கும் உலகம் முழுக்க ஒரே நேரத்துல வெளியிடுவோம்னு தெளிவா சொன்னாங்க. அதே நிகழ்ச்சியில டிராகன் குவெஸ்ட் 10 ஆஃப்லைன் வந்தப்போ அந்த வாக்கியம் வரல. மூணாவது பாகம் 2024 நவம்பர் 14ல சொன்ன மாதிரியே எல்லாருக்கும் வந்துச்சு, பத்தாவது பாகத்தோட ஆஃப்லைன் 2022ல ஜப்பான்ல வந்தது, நமக்கு வரவே இல்ல. ஒரே கம்பெனி, ஒரே சீரிஸ், ஒரே நாள். பேசாம விட்டதுலயும் பதில் இருக்கு, ட்ரெய்லர் கடைசில வர்ற அந்தத் தேதி ஸ்க்ரீன நிறுத்தி வச்சு பாருங்க.

ஆனா இது எல்லாத்தையும் விட நான் அதிகமா நம்புறது அந்த கம்பெனி இதுக்கு முன்னாடி என்ன பண்ணுச்சுன்னுதான். இதை உட்கார்ந்து ஒரு பேப்பர்ல எழுதுங்க, ஜப்பான் ரிலீஸ் எப்போ, இங்கிலீஷ் ரிலீஸ் எப்போ, நடுவுல எவ்வளவு நாள். ட்ரெய்ல்ஸ எடுத்துக்குவோம். ட்ரெய்ல்ஸ் இன் தி ஸ்கை முதல் பாகம் ஜப்பான்ல 2004, இங்கிலீஷ்ல 2011. ரெண்டாவது பாகம் 2006ல வந்தது, இங்கிலீஷ்ல 2015 அக்டோபர்லதான். ட்ரெய்ல்ஸ் ஃப்ரம் ஸீரோ 2010ல இருந்து 2022 வரைக்கும், பன்னெண்டு வருஷம். இந்த நம்பர மட்டும் பார்த்தா யாருக்கும் நம்பிக்கை வராது. ஆனா பின்னாடி வந்தத வரிசையா பாருங்க, டேப்ரேக் 2021 செப்டம்பர்ல இருந்து 2024 ஜூலை, டேப்ரேக் 2 வந்து 2022 செப்டம்பர்ல இருந்து 2025 பிப்ரவரி, பியாண்ட் தி ஹொரைசன் 2024 செப்டம்பர்ல இருந்து 2026 ஜனவரி. இடைவெளி குறைஞ்சுட்டே வருது, கடைசியா ஸ்கை முதல் சாப்டர் ரீமேக் 2025 செப்டம்பர் 19ல ஜப்பானுக்கும் நமக்கும் ஒரே நாள்ல வந்துச்சு. இருவது வருஷத்துக்கு முன்னாடி வந்த கதை, அதை ஜப்பான்காரங்களோட சேர்ந்து ஒரே நாள்ல ஆரம்பிக்க முடிஞ்சது எனக்கு ரொம்பப் பெரிய சந்தோஷம். ஃபால்காம்ல இன்னொரு விஷயமும் இருக்கு, அவங்க நிதியாண்டு செப்டம்பர் 30ல முடியும், அதனாலதான் பெரிய கேம் பெரும்பாலும் செப்டம்பர் கடைசில வருது, எந்த மாசம் எதிர்பார்க்கணும்னு இதை வச்சே சொல்லிடலாம். ஒவ்வொரு கம்பெனிக்கும் இப்படி ஒரு பழக்கம் இருக்கும், தேடுங்க. யாகுஸா 5 ஜப்பான்ல வந்து மூணு வருஷம் கழிச்சு 2015ல டிஜிட்டல்ல மட்டும் வந்துச்சு, அதே சீரிஸ்ல இன்ஃபினிட் வெல்த் 2024 ஜனவரி 26ல உலகம் முழுக்க ஒண்ணா வந்துச்சு, அதனால இனிமே அந்த ஸ்டூடியோ ஏதாவது புதுசா அறிவிச்சா நான் பதறுறதே இல்ல.

தாமதம் ஏன் ஆகுதுன்னு புரிஞ்சுக்கிட்டா கணிப்பும் நல்லா வரும், பொறுமையும் வரும். ட்ரெய்ல்ஸ்ல ஊர்ல இருக்குற சாதாரண ஆளுங்க கூட கதை கொஞ்சம் நகர்ந்தா புது வசனம் பேசுவாங்க, அந்தக் கடைக்காரர், அந்த ஸ்கூல் பசங்கன்னு எல்லாருக்கும் ஒரு தனி கதை ஓடிட்டு இருக்கும், அது மொத்தத்தையும் மொழிபெயர்த்து பழைய பாகத்தோட முரண்படாம சரிபார்த்து டப்பிங்கும் பண்ணணும்னா சின்ன வேலை இல்ல. அதனால ஆக்‌ஷன் கேம்னா சீக்கிரம் எதிர்பார்க்கலாம், வசனம் மலை மாதிரி இருக்குற கேம்னா கூட ஒரு வருஷம் சேர்த்துக்கோங்க. இன்னொரு தடை உரிமம். சூப்பர் ரோபோ வார்ஸ் சீரிஸ்ல கன்டம் (Gundam), மஸிங்கர்னு பல அனிமே ரோபோ ஒண்ணா வரும், ஒவ்வொண்ணுக்கும் உரிமை வேற வேற ஆள்கிட்ட இருக்கு, அதனாலயே ரொம்ப வருஷம் மேற்கத்திய நாடுகள் பக்கம் அந்த மாதிரி பாகம் வரல. 2016ல இருந்து ஆசிய பதிப்புல இங்கிலீஷ் போட்டு பார்த்தாங்க, 2021ல 30ன்னு வந்த பாகம் பிசி கேம் கடையான ஸ்டீம்ல கிடைச்சது, 2025 ஆகஸ்ட்ல ஒய்ங்கிற பாகம் உலகம் முழுக்க வந்துச்சு. அதனால உரிமம் சிக்கல்னு சொல்றாங்களேன்னு ஒரேயடியா கைவிட வேண்டாம்.

அதிகாரப்பூர்வ அறிவிப்புக்கு முன்னாடியே தெரியணும்னா ரெண்டு இடம் இருக்கு. ஒண்ணு ஜப்பான் நின்டெண்டோ ஸ்டோர் பக்கம், அதுல ஒவ்வொரு கேமுக்கும் எந்தெந்த மொழி இருக்குன்னு ஒரு வரி போட்டிருக்கும், போன்ல பிரவுசரே மொழிபெயர்த்துக் காட்டும், அதுல இங்கிலீஷ்னு இருந்தா ஜப்பான் பதிப்பையே வாங்கி விளையாடலாம். ஸ்டீம்லயும் மொழிப் பட்டியல் இருக்கு. இன்னொண்ணு ரேட்டிங் போர்டு. கொரியா, தைவான், ஆஸ்திரேலியா, அமெரிக்கான்னு எல்லா ஊர்லயும் கேம் விக்கிறதுக்கு முன்னாடி வயசு ரேட்டிங் வாங்குவாங்க, அந்தப் பதிவு சில நேரம் அறிவிப்புக்கு முன்னாடியே வெளிய தெரிஞ்சுடும். கிரேட் ஏஸ் அட்டார்னி க்ரானிக்கிள்ஸ் அப்படித்தான், 2021 பிப்ரவரில தைவான் ரேட்டிங்ல பேர் வந்துச்சு, ஏப்ரல்ல கேப்காம் அறிவிச்சாங்க, ஜூலைல கேம் கையில. ட்ரேட்மார்க் பதிவு, யாரோ பேர் தெரியாத ஆள் சொன்ன லீக், இதையெல்லாம் நான் கணக்குலயே எடுக்கிறது இல்ல, ட்ரேட்மார்க் பேர பாதுகாக்குறதுக்குன்னே கூட எடுத்து வைப்பாங்க.

பழைய கேமுக்கு கணக்கு வேற. அங்க கேட்க வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான், அந்த சீரிஸுக்கு இப்ப உயிர் இருக்கா? ஏஸ் அட்டார்னி இன்வெஸ்டிகேஷன்ஸ் 2 ஜப்பான்ல 2011, இங்கிலீஷ்ல 2024. கேப்காம் பழைய பாகங்கள எல்லாம் கலெக்‌ஷனா போட்டுட்டு வந்தாங்க, அந்த வரிசையில இதுவும் வந்து சேர்ந்துச்சு. ட்ரயல்ஸ் ஆஃப் மானா 1995ல வந்தது, 2019ல கலெக்‌ஷன்ல இங்கிலீஷ் கிடைச்சது. லிவ் எ லிவ் 1994ல இருந்து 2022 வரைக்கும் காத்திருந்துச்சு. ஃபேமிகாம் டிடெக்டிவ் கிளப் 80கள்ல வந்தது, ரீமேக் பண்ணி 2021ல இங்கிலீஷ்ல விட்டாங்க, அது முடிஞ்சு 2024ல எமியோன்னு புத்தம் புது பாகமே உலகம் முழுக்க ஒண்ணா வந்துச்சு. அதனாலதான் ஃபயர் எம்ப்ளம் ஃபார்ச்சூன்ஸ் வீவ் 2025 செப்டம்பர் டைரக்ட்ல வந்தப்போ எனக்கு டபுள் சந்தோஷம், சீரிஸ் நல்லா இருந்தா ஜெனியாலஜி ஆஃப் தி ஹோலி வார் மாதிரி இன்னும் இங்கிலீஷ் பார்க்காத பழைய பாகத்துக்கும் ஒரு வழி பிறக்கும். மதர் 3க்கு இந்தக் கணக்கு உதவாது, அந்த சீரிஸ் அதோட நின்னுபோச்சு, அதான் வலிக்குது.

சரி, நாம என்ன பண்ணலாம்? கேட்கணும், ஆனா கேட்கிற விதம் இருக்கு. 2011ல ஆபரேஷன் ரெயின்ஃபால்னு ஃபேன்ஸ் ஒண்ணு சேர்ந்து ஸெனோப்ளேட், தி லாஸ்ட் ஸ்டோரி, பண்டோராஸ் டவர் மூணையும் அமெரிக்காவுக்கு கேட்டாங்க. லெட்டர் போட்டாங்க, அமேசான்ல ஸெனோப்ளேடோட பழைய பேர்ல கிடந்த பக்கத்துல எல்லாரும் ப்ரீ-ஆர்டர் போட்டு முதல் இடத்துக்கே கொண்டு வந்தாங்க. 2012, 2013க்குள்ள மூணுமே வந்துச்சு. அவங்க முயற்சி மட்டுமே காரணம்னு சொல்ல முடியாது, ஆனா வாங்குற ஆள் இவ்வளவு பேர் இருக்காங்கன்னு எண்ணிக்கையா காமிச்சாங்க பாருங்க, அதுதான் கத்துக்க வேண்டியது. பப்ளிஷர் சர்வே அனுப்பினா சோம்பல் படாம முழுசா எழுதுங்க, கேம் பேரு, எந்த மெஷின்ல வேணும், டப்பிங் இல்லாம சப்டைட்டில் மட்டும் போதுமாங்கிறது வரைக்கும். முந்தின பாகத்த ரிலீஸ் நேரத்துலயே காசு குடுத்து வாங்குங்க. மொழிபெயர்ப்பாளர்கள தனியா தேடிப்போய் எப்போ எப்போன்னு நச்சரிக்கிறது, திட்டுறது எல்லாம் தயவுசெஞ்சு வேண்டாம், தேதிய முடிவு பண்றது அவங்க இல்ல, நாம இந்தக் கதைய அனுபவிக்கிறதே அவங்க உழைப்புலதான்.

காத்திருக்கிற நேரத்துல ஃபேன் ட்ரான்ஸ்லேஷன் இருந்தா ஒரிஜினல் கேம வாங்கிட்டு அதைப் போட்டு விளையாடலாம், மதர் 3க்கு 2008ல வந்தது இன்னைக்கும் அருமையா இருக்கு. ஜியோஃப்ரன்ட்ங்கிற ஃபேன் குழு ட்ரெய்ல்ஸ்ல ஸீரோ, அஸ்யூர் ரெண்டுக்கும் பண்ணின மொழிபெயர்ப்ப என்ஐஎஸ் அமெரிக்காங்கிற பப்ளிஷர் எடுத்து அதிகாரப்பூர்வ வெளியீட்டுக்கே பயன்படுத்தினாங்க, அது எவ்வளவு பெரிய கௌரவம். ஆனா ஜப்பான்ல இருந்து ஸ்விட்ச் 2 வரவழைக்கிறவங்க ஒண்ணு கவனிங்க, 2025ல வந்தப்போ 49,980 யென்னுக்கு வித்தது ஜப்பானிய மொழி மட்டும் இருக்குற மாடல், அதுல ஜப்பான் அக்கவுண்ட்தான் போட முடியும், பல மொழி மாடல் அப்போ 69,980 யென்.

கடைசியா, ஸ்கை ரெண்டாவது சாப்டர் ரீமேக் 2026னு அறிவிச்சிருக்காங்க, முதல் சாப்டர இன்னும் தொடாதவங்க இப்பவே ஆரம்பிச்சுடுங்க. அந்த முடிவு எந்த இடத்துல நிக்குதுன்னு நான் சொல்ல மாட்டேன், 2011ல அதைப் பார்த்தவங்க மிச்சக் கதைக்கு நாலு வருஷத்துக்கு மேல காத்திருந்தாங்க. அவசரப்படாதீங்க, ஒவ்வொரு சம்பவம் முடிஞ்சதும் ஊருக்குத் திரும்பிப் போய் எல்லார்கிட்டயும் ஒரு தடவை பேசிட்டு அப்புறம் அடுத்த வேலைய எடுங்க.