வீட்டுக்குள் துணி சீக்கிரம் காய

ஈரம் பல மணி நேரம் தங்கினால் துணியில் பாக்டீரியா பெருகி வாடை வரும். அதனால் பிழிவதிலேயே பாதி வேலை முடிந்துவிட வேண்டும். வாஷிங் மெஷினில் துவைத்தால் ஸ்பின்னை மட்டும் இன்னொரு முறை ஓட்டுங்கள். கம்பளி, பின்னலாடைகளை முறுக்கவே கூடாது. உலர்ந்த துண்டில் வைத்துச் சுருட்டி அழுத்தி, தட்டையாக விரித்துக் காயவையுங்கள். தொங்கவிட்டால் தண்ணீரின் எடையில் நீண்டுவிடும்.

கொடியில் துணிகளுக்கு நடுவே நான்கு விரல் இடைவெளி விடுங்கள். ஜீன்ஸின் உட்புறத்தை வெளியே திருப்பி, பைகளை இழுத்துவிடுங்கள். கடைசிவரை ஈரம் நிற்பது அங்கேதான். சட்டைக்கு ஹேங்கர் போதும்.

மின்விசிறிக் காற்று துணிகளுக்கு இடையே பாயட்டும். ஜன்னலும் திறந்திருக்கட்டும், மூடினால் ஈரம் சுவரில் படிந்து பூஞ்சை பிடிக்கும்.