வாய் நாத்தம் போகலையா, மவுத்வாஷ இப்படி யூஸ் பண்ணிப் பாருங்க

பேசும்போது கைய வச்சு வாய மூடிக்கிற கஷ்டம் எனக்கு நல்லாவே தெரியும், அதான் எழுதுறேன். முதல்ல நாக்கோட பின்பக்கத்த கண்ணாடில பாருங்க, மாவு மாதிரி வெள்ளையா படிஞ்சிருக்கும், அங்க இருக்குற பாக்டீரியா விடுற கந்தக வாயுதான் பெரும்பாலும் காரணம், அதனால டங் கிளீனர பின்னாலருந்து முன்னால மெதுவா இழுத்து வழிச்சுட்டு, பல் இடுக்கையும் ஃப்ளாஸ் நூல் விட்டு சுத்தம் பண்ணிட்டு அப்புறம்தான் மவுத்வாஷ். ஆல்கஹால் இல்லாததா பாத்து வாங்குங்க, வாய் காஞ்சா நாத்தம் கூடத்தான் செய்யும். அண்ணாந்து 30 செகண்ட் தொண்டை வரைக்கும் கொப்பளிங்க. குளோர்ஹெக்சிடின்ங்கிற கிருமி கொல்லுற மருந்து கலந்த மவுத்வாஷ் நல்லா கேக்கும், ஆனா பல்லுல பழுப்பு கறை புடிக்கும், டாக்டர் சொல்லாம 2 வாரத்துக்கு மேல வேணாம். ஈறுல ரத்தம் வந்தா மவுத்வாஷ நம்பி நாள கடத்தாதீங்க, பல் டாக்டர்ட்ட போயிடுங்க.