தரைவீடா, மாடி வீடா? கட்டுமானச் செலவை ஒப்பிட்டுக் கணக்குப் போடும் முறை

மாடி கட்டினால் சதுர அடிக்குச் செலவு குறையும் என்பார்கள். சில மனைகளில் அது உண்மை. சில மனைகளில் தரைவீடுதான் மலிவாக முடியும். உங்களுக்கு எது என்று தெரிய, ஒப்பந்ததாரர் சொல்லும் சதுர அடி ரேட் மட்டும் போதாது. இரண்டு வீட்டுக்கும் வேலை அளவுகளைத் தனித்தனியாக எடுத்து, அவற்றின் மேல் உங்கள் பகுதி விலையைப் போட்டுப் பாருங்கள்.

கணக்குக்கு 2000 சதுர அடி வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். பில்லர், பீம், கான்கிரீட் தளம் உள்ள வீடு. தரைவீடு என்றால் 40க்கு 50 அடி. மாடி வீடு என்றால் 40க்கு 25 அடியில் இரண்டு தளம்.

படி 1: முதலில் புழங்கும் இடத்தைச் சமமாக்குங்கள்

மாடிப்படி இடத்தை விழுங்கும். தளத்துக்குத் தளம் 10½ அடி, அதாவது 126 அங்குலம் என்று வைத்தால், ஒரு படியின் உயரம், அதாவது ஏற்றம், 7 அங்குலமாக 18 ஏற்றங்கள் வரும். பாதியில் திரும்பும் படியாக அமைத்தால் ஒரு பக்கம் 9 ஏற்றம். அதில் கால் வைக்கும் மிதி, தலா 10 அங்குலத்தில், 8. அது 6 அடி 8 அங்குலம். திரும்பும் இடத்துக்கு 3 அடி, படி அகலம் தலா 3 அடி, நடுவில் அரை அடி இடைவெளி. மொத்தம் ஏறக்குறைய 63 சதுர அடி. படியில் கால் வைக்கும் முன் நிற்கும் இடத்தையும் சேர்த்தால் 80. இரண்டு தளத்திலும் இந்த இடம் போகும் என்பதால் 160 சதுர அடி கழிகிறது.

ஆக, 2000 சதுர அடி மாடி வீட்டுக்கு இணையாக 1840 சதுர அடி தரைவீடே போதும். தரைவீட்டிலும் மொட்டை மாடிக்கு உள்ளேயே படி வைப்பதாக இருந்தால் இந்த வித்தியாசம் சுருங்கிவிடும். இடத்தை மிச்சம் பிடிக்க ஏற்றத்தை 8 அங்குலமாக்காதீர்கள்; வயதானவர்கள் மாடிக்குப் போவதையே நிறுத்திவிடுவார்கள். கணக்கு எளிதாக இருக்க, கீழே இரண்டுக்கும் 2000 என்றே வைத்துக்கொண்டு போவோம். கடைசியில் தரைவீட்டின் மொத்தத்திலிருந்து இந்த 160 சதுர அடியைக் கழிக்க மறக்காதீர்கள்.

படி 2: பேஸ்மட்டம் வரை

மாடி வீடு லாபம் காட்டும் இடம் இதுதான். பேஸ்மட்டத்துக்குள், அதாவது வீட்டுத் தரை அமையும் உயரம் வரை, 2 அடி மண் நிரப்ப, தரைவீட்டுக்கு 4000 கன அடி, மாடி வீட்டுக்கு 2000. திமிசு போட்டு இறுக்கும்போது மண் அமுங்கும் என்பதால் 20 முதல் 25 சதவீதம் கூடுதலாகவே வாங்க வேண்டியிருக்கும். தரைக்கு அடியில் 4 அங்குல ஜல்லிக் கலவை தரைவீட்டுக்கு 667 கன அடி, மாடி வீட்டுக்கு 333. பேஸ்மட்ட உயரத்தில் பில்லர்களை இணைக்கும் பிளிந்த் பீம், வெளிச்சுற்றில் தரைவீட்டுக்கு 180 அடி, மாடி வீட்டுக்கு 130.

ஆனால் அஸ்திவாரச் செலவும் பாதியாகும் என்று எழுதிவிடாதீர்கள். பில்லர்களின் எண்ணிக்கை குறையும். ஒவ்வொரு பில்லரும் தாங்கும் சுமை ஏறக்குறைய இரட்டிக்கும். பில்லருக்கு அடியில் போடும் அகலமான கான்கிரீட் அடிப்பலகையின் (ஃபுட்டிங்) அளவைச் சுமையும் மண்ணின் தாங்குதிறனும்தான் தீர்மானிக்கின்றன. மேல்மண் இளகலாக இருந்து ஆழமாகத் தோண்ட வேண்டிய மனையில் குழிகள் குறைவது நல்ல மிச்சம். கெட்டி மண் மேலேயே கிடைக்கும் மனையில் தரைவீட்டுக்குச் சிறிய அடிப்பலகையே போதும், அங்கே இந்த லாபம் தேய்ந்துவிடும். மண் பரிசோதனை செய்யாமல் கணக்கில் இந்த வரியை நிரப்பவே முடியாது. ஊகத்தில் போட்டால் ஒன்று தேவைக்கு மேல் கம்பியும் கான்கிரீட்டும் புதைப்பீர்கள், இல்லையென்றால் ஒரு மூலை இறங்கிச் சுவர் கீறும்.

படி 3: கான்கிரீட் தளம்

கணக்கில் பலர் ஏமாறும் வரி இது. “மாடி வீட்டில் கூரை பாதி, செலவும் பாதி” என்பது ஓட்டுக் கூரைக்கும் ஷீட் கூரைக்கும் ஓரளவு பொருந்தும். கான்கிரீட் வீட்டில் பொருந்தாது. தரைவீட்டில் 2000 சதுர அடி மேல்தளம். மாடி வீட்டில் நடுத்தளம் 1000, மேல்தளம் 1000. 5 அங்குல கனத்துக்கு இரண்டிலும் 833 கன அடிதான். கம்பியும், கான்கிரீட் இறுகும் வரை தாங்கும் சென்ட்ரிங் பலகையும் ஏறத்தாழ அதே அளவு. மாடிப்படிக் கான்கிரீட் தனியாகச் சேரும்.

மிச்சமாவது மேல்தளத்தின் நீர்க்கசிவுத் தடுப்பும் அதன் மேல் தட்டோடும்தான்: 2000க்குப் பதில் 1000 சதுர அடி. கைப்பிடிச்சுவர் 180 அடியிலிருந்து 130 அடியாகும். மழைக்கும் வெயிலுக்கும் ஆளாகும் பரப்பு பாதியாவதால் பின்னாளில் பராமரிப்பும் குறையும்.

படி 4: வெளிச்சுவர்

சுற்றளவைச் சுவரின் உயரத்தால் (கான்கிரீட் தளத்தின் கனம் போக சுமார் 10 அடி) பெருக்குங்கள். தரைவீடு 180 × 10 = 1800 சதுர அடி. மாடி வீடு 130 × 10 × 2 = 2600. ஜன்னல், கதவு கழிக்காமலே 800 சதுர அடி கூடுதல். 9 அங்குலச் சுவரில் அது 600 கன அடிக் கட்டுவேலை. இருபுறமும் பூச்சும் பெயிண்டும் சேர்ந்து வரும். முதல் தளத்துக்குச் செங்கல், மணல், கலவை தூக்கும் கூலியும் சாரமும் வேறு. படி 2-இல் கிடைத்த லாபத்தில் பெரும் பகுதி இங்கேதான் கரையும். அதை முகப்பில் நீட்டல், குறுக்கல் வைத்து மேலும் கரைக்காதீர்கள்.

படி 5: குழாய், கழிவறை

மாடி வீட்டில் தளத்துக்கு ஒரு கழிவறையாவது தேவை. மேல் கழிவறையைக் கீழ்க் கழிவறைக்கு நேர் மேலே வையுங்கள். ஹாலுக்கு மேலே வந்தால் குழாய் நீளும், கசிவு ஹால் கூரையில் தெரியும்.

படி 6: மனையைச் சேருங்கள்

மனையில் பாதிக்கு மேல் கட்டக் கூடாது என்று விதி இருந்தால், 2000 சதுர அடி தரைவீட்டுக்கு 4000 சதுர அடி மனை வேண்டும். மாடி வீட்டுக்கு 2000. நிலம் விலை கூடிய இடத்தில் மேலே போட்ட எல்லாக் கணக்கையும் மனை விலை என்ற இந்த ஒரு வரி புரட்டிவிடும். மனை ஏற்கெனவே கையில் இருந்து, இடமும் தாராளமாக இருந்தால் கணக்கில் இந்த வரி பூஜ்யம்.

படி 7: ரேட்டைத் தளவாரியாகக் கேளுங்கள்

ஒப்பந்ததாரர் இரண்டு தளத்துக்கும் ஒரே ரேட் சொன்னால் பிரித்துத் தரச் சொல்லுங்கள். தரைத்தள ரேட்டில் அஸ்திவாரமும் பேஸ்மட்டமும் அடக்கம். முதல் தளத்தில் அவை இல்லை. ஹெட்ரூம் (மொட்டை மாடியில் படிக்கு மேல் வரும் சிறு அறை), போர்டிகோ, சன்ஷேட், செப்டிக் டேங்க், தண்ணீர்த் தொட்டி ஆகியவை உள்ளேயா வெளியேயா என்று ஒவ்வொன்றாக எழுதி வாங்குங்கள்.

இப்போது தரைத்தளம், பிறகு மாடி என்று திட்டமிட்டால் அஸ்திவாரத்தையும் பில்லரையும் இரண்டு தளத்துக்கே இப்போது வடிவமைக்க வேண்டும். அந்தக் கூடுதலைத் தரைவீட்டுக் கணக்கில் ஏற்றுங்கள். மேலே நீட்டிவிடும் பில்லர் கம்பி, கம்பி விட்டத்தைப் போல் 50 மடங்கு இருக்கட்டும். 16 மிமீ கம்பிக்கு 80 செமீ. அதை வெறுமனே விட்டால் துருப்பிடித்து மெலியும், பிறகு அதன் மேல் மாடி ஏற்ற முடியாது. சிமெண்ட் பால் பூசி, இளங்கலவைக் கான்கிரீட்டால் மூடி வையுங்கள். மாடி கட்டும்போது உடைத்து எடுத்துக்கொள்ளலாம்.