சாக்பீஸை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்: அருங்காட்சியகத்தில் நாம் செய்யும் தவறுகள்

சேலத்தில் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் ஊர் சுற்றிக் காட்டும் வரிசை எல்லோருக்கும் மனப்பாடம். ஒரு நாள் ஏற்காடு, ஒரு நாள் மேட்டூர், மிச்சமிருக்கும் அரை நாளில் வெயில் தாங்கவில்லை என்றால் அருங்காட்சியகம். அந்த அரை நாள் பெரும்பாலும் வெள்ளிக்கிழமையாக அமைந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை பூட்டியிருக்கும் என்று நாமாக முடிவு செய்துகொண்டு வெள்ளிக்கிழமை கிளம்புகிறோம். அரசு அருங்காட்சியகங்களுக்கு வார விடுமுறையே வெள்ளிதான். அக்காவின் பிள்ளைகள் இருவரையும் அழைத்துப் போய்ப் பூட்டிய கதவைக் காட்டிக் கூட்டிவந்தவன் என்பதால் இதை முதலில் சொல்கிறேன். அன்று வாங்கிக் கொடுத்த தட்டுவடை செட்டைத்தான் அவர்கள் இன்றும் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

அடுத்த முறை சனிக்கிழமை போனோம். உள்ளே நுழைந்ததும் எல்லோரும் செய்கிற தவறு, கண்ணாடிப் பேழைகளை ரயில் ஜன்னல் போல வேடிக்கை பார்த்துக்கொண்டே நகர்வது. இருபது நிமிடத்தில் ஓலைச்சுவடி, நாணயம், பாடம் செய்த பறவை எல்லாம் முடிந்துவிடும். வெளியே வந்தபின் எதுவும் மனத்தில் நிற்காது. மூன்று பொருள் போதும் என்று முன்பே முடிவு செய்துகொண்டு போவது என் வழக்கம்.

ஒரு பானையை எடுத்துக்கொள்வோம். இரும்புக்காலத்துக் கருப்பு சிவப்புப் பானை தமிழ்நாட்டின் பல அருங்காட்சியகங்களில் இருக்கிறது. பலரும் ஓடு என்று கடந்துவிடுவார்கள். அக்கா மகன் நின்று பார்த்துவிட்டு, "மாமா, சோறு அடிப்பிடித்துவிட்டதா?" என்று கேட்டான். கேள்வி நியாயமானது. ஆனால் அடிப்பிடித்த பானை அடியில் கருகியிருக்கும். இதுவோ உள்புறம் முழுக்கவும் வாய்ப்பக்கமும் கருப்பு, கீழே வெளிப்புறம் சிவப்பு. சூளையில் பானையைக் கவிழ்த்து வைத்துச் சுட்டால், காற்றுப் படாத உள்பகுதியும் விளிம்பும் கருத்துவிடும்; காற்றுப் பட்ட வெளிப்பகுதி சிவக்கும். கருகல் அன்று, கைத்திறன். பானையின் தோள்பகுதியில் கீறல் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். சுட்டபின் ஆணி போன்ற ஒன்றால் கீறிய குறியீடுகள் சிலவற்றில் இருக்கும்.

நடுகல்லுக்கு இன்னும் கொஞ்சம் நேரம் கொடுக்க வேண்டும். நம் பகுதியும், ஒருகாலத்தில் சேலம் மாவட்டத்தோடு இருந்து 1965-ல் பிரிந்த தருமபுரியும், ஆடு மாடுகளுக்காகச் சண்டை போட்ட பூமி. மாட்டு மந்தைக்குப் பழைய பெயர் தொறு. தொறுவைக் கவர வந்தவர்களோடு போரிட்டு மீட்டு, அந்தச் சண்டையிலேயே உயிர்விட்டவனுக்கு ஊரார் கல் நட்டார்கள். "தொறு மீட்டுப் பட்டான்" என்று எழுதியிருக்கும். பட்டான் என்றால் இறந்தான். இந்த ஒரு சொல் தெரிந்தால் பாதிக் கல்வெட்டு புரிந்த மாதிரி.

இத்தகைய கற்களைப் பல இடங்களில் வெளி முற்றத்தில் நட்டு வைத்திருப்பார்கள். செருப்பு மாட்டும்போது கடைசியாகக் கண்ணில் படும். அதற்குள் பஸ்ஸுக்கு நேரமாகிவிடும். அக்கா மகள் எழுத்தைப் பார்த்துவிட்டு "தெலுங்கா மாமா?" என்றாள். வட்டெழுத்து, நம் தமிழைத்தான் அன்றைக்கு அப்படி எழுதினார்கள். திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்றில், வீரனுக்குப் பக்கத்தில் அவன் நாயும் நிற்கிறது. கள்ளரைக் கடித்துக் காவல் காத்த அந்த நாயின் பெயர் கோவிவன் என்பதையும் எழுதி வைத்திருக்கிறார்கள். அதைச் சொன்னபிறகு பிள்ளைகள் ஒவ்வொரு கல்லிலும் நாயைத் தேட ஆரம்பித்துவிட்டார்கள்.

இங்கேதான் என் பெரிய தவறைச் சொல்ல வேண்டும். பல வருடங்களுக்கு முன் ஏரிக்கரையில் ஒரு நடுகல்லைப் பார்த்தபோது, எழுத்து தெளிவாகத் தெரியவில்லை என்று கோடுகளின்மேல் சாக்பீஸால் இழுத்துப் படம் எடுத்தேன். படம் நன்றாகத்தான் வந்தது. பிறகு ஒரு கல்வெட்டு ஆசிரியரிடம் காட்டினேன். "இது கல்லில் இருக்கிற எழுத்தா, நீங்கள் எழுதியதா தம்பி?" என்று கேட்டார். கல்லின் இயல்பான வெடிப்பு ஒன்றையும் எழுத்தென்று நினைத்து இழுத்திருந்தேன். சாக்பீஸ் மட்டுமில்லை, மாவு தடவுவது, எண்ணெய் பூசுவது எல்லாமே அப்படித்தான். எண்ணெய் பூசினால் தூசு ஒட்டி எழுத்தை அடைத்துவிடும். துறை சார்ந்தவர்கள் ஈரக் காகிதத்தைக் கல்லின்மேல் ஒற்றித் தட்டி, மை தடவி மைப்படி எடுப்பார்கள். எழுத்து வெள்ளையாகத் தெரியும். நமக்கு அதுவும் வேண்டாம். காலை ஒன்பதரைக்கோ மாலை நான்கு மணிக்கோ போனால் வெயில் சாய்வாக விழும். உச்சி வெயிலில் வழுவழுப்பாகத் தெரிந்த கல்லில் அப்போது வரிகள் தானாக எழுந்து நிற்கும்.

பழைய கட்டடத்தில் இயங்கும் அருங்காட்சியகம் என்றால் தவறும் இரட்டிப்பு. தரங்கம்பாடியில் 1620-ல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டைக்குள்தான் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே போய்ப் பீங்கானை மட்டும் பார்த்துவிட்டு, அந்தத் தடித்த சுவரையும் வளைந்த கூரையையும் பார்க்காமல் வருகிறவர்கள் உண்டு. கட்டடமே முதல் காட்சிப்பொருள். மதுரை திருமலை நாயக்கர் மகாலின் தூண்களைப் பாறை என்று நினைத்து முதுகைச் சாய்க்கிறோம். அவை செங்கல்லும் சுண்ணாம்புச் சுதையும். ஆணியால் ஒரு இதயம் வரைந்தால் போதும், சுதை உதிரத் தொடங்கிவிடும். தன் பெயரை அங்கே கீறி வைக்கிறவர்களைப் பற்றி எழுத ஆரம்பித்தால் எனக்கு மரியாதையான சொற்கள் வராது.

சிலைக்கு எதிரே உள்ள சிறு பலகையில் காலத்தை மட்டும் படித்துவிட்டு நகர்வதும் தவறுதான். கிடைத்த இடம் எது என்ற வரியில்தான் கதை இருக்கிறது. நம் ஊர் பெரியேரியில் தலைவெட்டி முனியப்பனாக வணங்கப்பட்ட சிலையைத் தொல்லியல் துறை ஆய்ந்து புத்தர் என்றது. 2022-ல் சென்னை உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது. ஆத்தூர் பக்கம் தியாகனூரில் புத்தர் சிலைகள் இருப்பதைச் சேர்த்துப் பார்த்தால், இந்த வட்டாரத்தில் பௌத்தம் இருந்தது தெரியும். சிலையைத் தனியாக எங்கோ ஒரு கூடத்தில் வைத்துவிட்டால் இந்தத் தொடர்பு அறுந்துபோகும்.

அதனால்தான் வயலில் கிடைத்த பானைத் துண்டையோ காசையோ பையில் போட்டுக்கொண்டு வந்து அருங்காட்சியகத்தில் நீட்டக்கூடாது என்கிறேன். நல்லெண்ணத்தில் செய்வதுதான், ஆனால் எந்த ஆழத்தில், எதன் பக்கத்தில் கிடந்தது என்ற செய்தி அங்கேயே தொலைந்துவிடுகிறது. அளவு தெரியப் பக்கத்தில் ஒரு பேனாவை வைத்துப் படம் எடுங்கள், இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லுங்கள். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது.

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் கற்கோடரிகளைச் சேலத்தில் தேடி ஏமாறுகிறவர்களுக்கு ஒரு தகவல். 1863-ல் பல்லாவரத்தில் கற்காலக் கருவியைக் கண்டெடுத்த நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட், ஓய்வுக்காலத்தில் ஏற்காட்டில் குடியிருந்தார். மலைமக்கள் மெருகேறிய கற்கோடரிகளைப் பிள்ளையார் கோயில்களில் வைத்துக் கும்பிட்டதைப் பதிவு செய்தவர் அவர். அவருடைய சேகரிப்பு 1904-ல் சென்னை அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. கற்களை எழும்பூரில்தான் பார்க்க வேண்டும். ஃபூட்டின் நினைவிடம் மட்டும் ஏற்காடு ஹோலி டிரினிட்டி ஆலய வளாகத்தில் இருக்கிறது. படகுத்துறையில் டிக்கெட் வரிசை நீளமாக இருந்தால், அந்த நேரத்தில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.