ஹோட்டல் பாத்ரூமுக்கு 120 ஆர்ச் கண்ணாடி: முதல் பெரிய ஆர்டரை எப்படிச் செய்வது?

வாஷ்பேசினுக்கு மேலே அரைவட்டத் தலை, ஓரமெல்லாம் வெளிச்சம். புதிதாகக் கட்டும் ஹோட்டல்களில் இப்போது இந்தக் கண்ணாடியைத்தான் கேட்கிறார்கள். வீட்டுக்கு ஒன்றிரண்டு செய்து பழகியவருக்கு 120 அறைக்கு ஆர்டர் வந்தால் முதலில் சந்தோஷம், அப்புறம் தூக்கம் போய்விடும். ஒன்று செய்யக் கைப்பழக்கம் போதும். 120-ம் ஒரே மாதிரி வர வேண்டுமென்றால் வேலையில் பாதி, கட்டரைக் கையில் எடுக்கும் முன்பே முடிந்திருக்க வேண்டும்.

ஒரு விஷயம் முதலிலேயே. இங்கே வளைவு என்பது கண்ணாடியின் வெளிக்கோடு மட்டும்தான். கண்ணாடியையே குழித்தோ புடைத்தோ வளைத்தால் முகம் கோணும். அது ஷேவிங் கண்ணாடிக்கு ஆகும், இதற்கு ஆகாது.

படி 1: ஷீட்டைப் பார்த்து அளவை முடிவு செய்யுங்கள்

டிசைனர் அனுப்பும் வரைபடத்தில் அகலம் 620, உயரம் 920 மி.மீ. என்று இருக்கும். அதை அப்படியே ஏற்றுக்கொள்ளாதீர்கள். கடையில் கிடைக்கும் ஷீட் 2,440 × 1,830 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். வளைவை உடைத்தெடுக்கச் சுற்றிலும் 10 மி.மீ. விட்டால், ஒரு கண்ணாடிக்கு 640 × 940 செவ்வகம் வேண்டும். எப்படித் திருப்பிப் போட்டாலும் எங்களுக்கு ஒரு ஷீட்டில் 5-தான் வந்தது. அளவை 580 × 880 ஆக்கினால் செவ்வகம் 600 × 900. இப்போது ஒரு ஷீட்டில் 8 வரும்.

உடைவுக்குப் பத்து சதவீதம் சேர்த்து 132 கண்ணாடி வேண்டுமென்றால், முன்னதில் 27 ஷீட், பின்னதில் 17. பத்து ஷீட் மிச்சம்! சுவரில் மாட்டிய பிறகு 40 மி.மீ. வித்தியாசம் யார் கண்ணுக்கும் தெரியாது. இந்தக் கணக்கை ஒரு தாளில் வரைந்து டிசைனரிடம் காட்டினால், பெரும்பாலும் தலையாட்டிவிடுவார்.

படி 2: கண்ணாடி

5 மி.மீ. போதும். கேட்கும்போது 'காப்பர் ஃப்ரீ' என்று சொல்லிக் கேளுங்கள். பழைய முறையில் வெள்ளி ரசத்துக்கு மேல் ஒரு செம்புப் பூச்சு இருக்கும். ஈரமும் கிளீனரும் ஓரத்தில் ஏறினால் அந்தச் செம்பு அரிக்கும், கூடவே ரசம் கறுக்கும். ஈசிஆர் பக்கம் கடலோர ஹோட்டல் என்றால் இதில் சமரசமே வேண்டாம்.

'டஃபன்டு (சூடேற்றி உறுதியாக்கிய கண்ணாடி) பண்ணிக் கொடுங்க' என்று சில ஹோட்டல்காரர்கள் கேட்பார்கள். கண்ணாடியை டஃபன் செய்ய 600 டிகிரிக்கு மேல் சூடேற்ற வேண்டும். ரசம் பூசிய கண்ணாடியை அடுப்புக்குள் விட்டால் ரசம் தாங்காது. அதற்குப் பதில் பின்பக்கம் சேஃப்டி ஃபிலிம் ஒட்டுங்கள். உடைந்தாலும் சில்லுகள் ஃபிலிமிலேயே தொங்கும்.

படி 3: அச்சு

இங்கே ஒரு முழு நாள் செலவழித்தாலும் வீணில்லை. 6 மி.மீ. அக்ரிலிக்கை சிஎன்சியில் (கம்ப்யூட்டர் ஓட்டும் வெட்டு இயந்திரம்) வெட்டி அச்சு எடுங்கள். கையால் அறுத்த பிளைவுட் அச்சில் இருக்கும் சின்ன மேடுகூட 120 கண்ணாடியிலும் வரும். கட்டர் தலையின் ஓரத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவே சில மி.மீ. இடைவெளி உண்டு. உங்கள் கட்டரில் அது எவ்வளவு என்று அளந்து, அவ்வளவு சுற்றிலும் குறைத்து அச்சு செய்யுங்கள். ஓரம் அரைப்பதில் போகும் ஒரு மி.மீ.யையும் கணக்கில் சேருங்கள்.

படி 4: வெட்டும் ஓரமும்

கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, ஷூ மூன்றும் இல்லாமல் மேசைப் பக்கம் யாரையும் விடாதீர்கள்.

கண்ணாடியை முகம் மேலே இருக்கும்படி போடுங்கள். பெயின்ட் அடித்த பின்பக்கத்திலிருந்து கீறினால் வெட்டு விழாது. கட்டரை மண்ணெண்ணெயில் தொட்டு, கீழ்முனையில் ஆரம்பித்து, ஆர்ச்சைச் சுற்றி மறுமுனை வரை ஒரே இழுப்பு. துணி கிழிவது போல ஒரே சீரான சத்தம் வர வேண்டும். நடுவில் சத்தம் நின்றால் அங்கே கீறல் விழவில்லை என்று அர்த்தம். ஆனாலும் அதே கோட்டில் இரண்டாம் முறை ஓட்டாதீர்கள். சக்கரமும் போகும், கண்ணாடியும் போகும். பிறகு வளைவிலிருந்து ஷீட் ஓரம் வரை நாலைந்து கிளைக் கோடுகள் போட்டு, கீழிருந்து மெல்லத் தட்டி, இடுக்கியால் துண்டு துண்டாக எடுங்கள்.

ஓரத்தைத் தண்ணீர் ஓடவிட்டே பாலிஷ் செய்ய வேண்டும். காய்ந்ததும் அன்றைக்கே ஓரத்துக்கு சீலர் பூசிவிடுங்கள். சிஎன்சி வெட்டு மேசை வைத்திருப்பவரிடம் ஜாப் வொர்க்காகக் கொடுத்தாலும், பாலிஷையும் சீலரையும் உங்கள் கண்முன்னால் வைத்துக்கொள்வது நல்லது.

படி 5: வெளிச்சம் வரும் பட்டை

வினைல் ஸ்டிக்கரைப் பிளாட்டரில் வெட்டிப் பின்பக்கம் ஒட்டி, 25 மி.மீ. அகலப் பட்டையில் மட்டும் ஸேண்ட் பிளாஸ்டிங் செய்தால் பெயின்டும் ரசமும் போய்க் கண்ணாடி பனி படிந்தது போல் ஆகும். பட்டையின் இரு விளிம்பிலும் ரசம் திறந்து கிடக்கும், அதனால் அங்கே கிளியர் லாக்கர் ஒரு பூச்சு அடியுங்கள்.

படி 6: பெட்டியும் எல்இடியும்

நேர்க்கோட்டுக் கண்ணாடி செய்து பழகியவர்கள் தடுமாறும் இடம் இதுதான். எல்இடி ஸ்டிரிப்பைக் கையில் எடுத்து வளைத்துப் பாருங்கள். சுருட்டினால் சுருளும், தரையில் படுக்க வைத்துப் பக்கவாட்டில் வளைத்தால் மடிந்து தாமிரத்தடம் அறும். ஆர்ச்சில் ஸ்டிரிப்பைப் படுக்கையாக ஒட்ட முடியாததற்கு இதுதான் காரணம். கண்ணாடிக்குப் பின்னால் வரும் பெட்டிக்கு 18 மி.மீ. பிவிசி ஃபோம் போர்டில் ஆர்ச் வடிவச் சட்டம் ரவுட்டரில் வெட்டி, இரண்டை ஒன்றன்மேல் ஒன்று ஒட்டி, அதன் உட்சுவரில் ஸ்டிரிப்பை நிற்க வைத்து ஒட்டுங்கள். பெட்டியின் உள்பக்கம் முழுக்க வெள்ளையாக இருந்தால் வெளிச்சம் சிதறிச் சீராக வரும், புள்ளி புள்ளியாகத் தெரியாது. எம்டிஎஃப் (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை) வேண்டாம், ஆறே மாதத்தில் ஊதிவிடும்.

24 வோல்ட் ஸ்டிரிப், சிலிகான் பூச்சுடன், சிஆர்ஐ (நிறத்தை உள்ளபடி காட்டும் அளவு) 90-க்கு மேல். சிஆர்ஐ குறைந்தால் முகம் சோகை பிடித்தது போல் தெரியும், விருந்தாளி ஹோட்டலைத்தான் திட்டுவார். 120 கண்ணாடிக்கும் ஸ்பேருக்கும் வேண்டிய ரீல்களை ஒரே லாட்டில் வாங்கிவிடுங்கள். அடுத்த லாட்டில் அதே 4,000 கெல்வின் என்று போட்டிருந்தாலும் நிறம் லேசாக மாறும்.

படி 7: கரண்ட்

நம் அளவுக்கு ஸ்டிரிப் சுமார் 2.4 மீட்டர். மீட்டருக்கு 9.6 வாட் என்றால் 23 வாட். டிரைவரை (வீட்டுக் கரண்டை 24 வோல்ட்டாக மாற்றும் கருவி) 80 சதவீதத்துக்கு மேல் ஓட்டக்கூடாது, அதனால் 30 வாட் டிரைவர். ஷவருக்குப் பக்கத்தில் வருமானால் மொத்தக் கண்ணாடியின் நீர்த்தடுப்புத் தரம் ஐபி44-க்குக் குறையக்கூடாது. அந்த லைனில் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதா என்று ஹோட்டல் எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள்.

டச் சுவிட்ச் பார்க்க அழகுதான். ஆனால் அறையில் கீ கார்டை எடுத்ததும் கரண்ட் போகும். திரும்ப வந்து கார்டைச் செருகினால், பல டச் சுவிட்சுகள் பழைய நிலையை மறந்து அணைந்தே கிடக்கும். இருட்டில் கண்ணாடியைத் தடவப் பழக்கமில்லாதவர் ரிசப்ஷனுக்குப் போன் போடுவார். சுவர் சுவிட்சே மேல் என்பது என் கட்சி. ஊட்டி, கொடைக்கானல் ஆர்டர் என்றால், ஆவி படியாமலிருக்கப் பின்னால் ஹீட்டிங் ஃபிலிம் ஒன்று ஒட்டி அதையும் லைட் சுவிட்சிலேயே சேருங்கள்.

படி 8: ஒட்டுவது

எங்கள் இரண்டாவது ஆர்டரில் 14 கண்ணாடியைச் சொந்தச் செலவில் மாற்றிக் கொடுத்தோம். மூன்றாவது மாதம் கண்ணாடிக்குள் விரல் விரலாகக் கறுப்புக் கோடுகள். பெட்டியைக் கழற்றிப் பார்த்தால், சிலிகான் இழுத்த இடமெல்லாம் ரசம் போயிருக்கிறது. ஸ்டாக் தீர்ந்ததென்று பையன் பக்கத்துக் கடையில் வாங்கி வந்த டியூப்! வினிகர் வாடை அடிக்கும் சிலிகான் காயும்போது விடும் அமிலம் ரசத்தைத் தின்றுவிடும். டியூபில் 'நியூட்ரல்' என்று இருக்கிறதா பாருங்கள், திறந்ததும் மோந்து பாருங்கள். கோடுகளை மேலிருந்து கீழாகப் போடுங்கள். குறுக்காகப் போட்டால் ஈரம் தங்கும்.

படி 9: சோதனையும் மாட்டுவதும்

ஒட்டிக் காய்ந்ததை ராத்திரி முழுக்க எரியவிட்டு, காலையில் வரிசையாக நிறுத்திப் பாருங்கள். நிறம் மாறியது, மினுக்குவது எல்லாம் பட்டறையிலேயே பிடிபடும். மீதி வேலையை ஆரம்பிக்கும் முன் முதல் பீஸை மாதிரி அறையில் மாட்டி, கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

வண்டியில் கண்ணாடி நின்றபடியேதான் போக வேண்டும், படுக்க வைக்கக்கூடாது. சுவரில் துளை போடவும் வயர் வெளிவரும் இடம் குறிக்கவும் ஒரு காகித அச்சு கொடுத்தால், எலக்ட்ரீஷியன் டைல்ஸைத் தாறுமாறாகக் குடைய மாட்டார். டிரைவர் பழுதானால் கண்ணாடியைத் தூக்கிக் கழற்றும்படி இசட் கிளிப்பில் மாட்டுங்கள்.

வேலை முடிந்ததும் அக்ரிலிக் அச்சைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஹோட்டல் பெயரையும் தேதியையும் மார்க்கரில் எழுதிச் சுவரில் மாட்டி வையுங்கள். இரண்டு வருடம் கழித்து, 'ஹவுஸ்கீப்பிங்கில் தள்ளுவண்டி இடிச்சிடுச்சு, 417-ல ஒண்ணு மாத்தணும்' என்று போன் வரும்.